நெற்றிக்குள்ளே ஒரு விளக்கு

இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரிகள் விலை பேசுமுன் கல்லை ஒரு சிறு டோர்ச் விளக்கின்மேல் வைத்து உற்று நோக்குவதை நேயர்கள் கண்டிருப்பர். கல்லை உடைக்காமலே அதனுள் இருக்கும் கீறலும் கலங்கலும் புலப்பட்டுவிடும். மனித மூளையையும் இவ்வாறு ஒளியினால் ஆராயலாம் என்றால் நம்மில் சிலர் நகைப்பர். ஆயினும் விஞ்ஞானிகள் இன்று அதனைச் செய்து வருகின்றனர்.

இருட்டறையில் டோர்ச் விளக்கை விரல்களால் மூடிப் பாருங்கள். விரல்கள் செக்கச்செவேலென ஒளிரும். மற்றைய நிறங்களை இரத்தமும் தசையும் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் வெளிவருகிறது. சிவப்பை அடுத்துள்ளதும் நம் கண்ணுக்குப் புலப்படாததுமான செந்நிறக்கீழ் ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும், மண்டையோட்டையும் கடக்கும். இவ்வொளியால் மூளையின் ஒட்சிசன் நிலையை அறியலாம் என்பதை 1977இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து அறிஞர் பிரான்ஸ் யோப்சிஸ் எடுத்துக் காட்டினார்.

ஒட்சிசனைச் சுமந்த இரத்தம் இவ்வொளியை ஒரு விதமாகவும், ஒட்சிசனை இறக்கிவிட்ட இரத்தம் வேறு விதமாகவும் உறிஞ்சும். மூளையில் எப்பகுதி உழைக்கிறதோ, அப்பகுதிக்குச் சில வினாடிகளுள் புதிய இரத்தம் தேவைக்கு மிஞ்சியே பாயும். தலையில் அணிந்த குல்லாயின் ஓரிடத்தில் ஒளியைச் செலுத்தி, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் தள்ளி மீண்டு வரும் ஒளியை அளந்தால் அம்மாற்றம் தெரியும். கொரோனாக் காலத்தில் நம் விரலில் மாட்டிய கருவி இதற்கு நெருங்கிய உறவு. ஊசியில்லை, வலியில்லை, குழந்தை தாயின் மடியிலேயே இருக்கலாம். மூளையின் மேற்புறத்தை மட்டுமே இது காணும். மனத்தில் ஓடும் எண்ணத்தைப் படிக்கும் மந்திரக் கண்ணாடி அன்று.

பெட்டியில் வைத்துத் தூக்கிச் செல்லலாம் என்பதே இக்கருவியின் பெருஞ்சிறப்பு. ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனெபா என்னும் கிராமத்துக் குழந்தைகளிடம் இதனைப் பயன்படுத்தினர். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்துச் சிவ்கர் வட்டாரத்திலும், நான்கு மாதம் முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்குக் குல்லாய் அணிவித்து, திரையில் மின்னும் வர்ணச் சதுரங்களைக் காட்டினர். ஒரு புறத்தில் ஒரு நிறம் மாறிக்கொண்டேயிருக்கும், மறுபுறம் மாறாது. அதனை நினைவில் வைக்கும் வேளையில் மூளை எவ்வாறு உழைக்கிறது என்று அளந்தனர். முடிவு 2019இல் வெளியாயிற்று. தாயின் கல்வியும் குடும்ப வருவாயும் குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் மூளையின் செயல் நலிந்து காணப்பட்டது. வேண்டாதவற்றை ஒதுக்கிக் கவனம் செலுத்தும் இடது முன்பகுதியின் ஆற்றலும் குறைந்திருந்தது.

இதைப் படிக்கையில் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் பிள்ளைக் காம்பராக்கள் நம் கண்முன் வருகின்றன. விடியுமுன் இறப்பர் மரம் வெட்டப் போகும் தாய் தன் மதலையை அங்கேதான் விட்டுச் செல்கிறாள். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணிப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதிகளிலோ 32 பேர். உயரத்தை நாடாவால் அளந்துவிடலாம். அதே வறுமை மூளையின் வளர்ச்சியில் என்ன செய்கிறது என்பதை அளக்க இதுகாறும் எளிய வழி இருந்ததில்லை. ஆதலால் இவ்வொளி நமக்கு வேடிக்கைப் பொருளன்று.

ஒரு சங்கடமும் உண்டு. அடர்ந்த கருங்கூந்தலும் கருநிறத் தோலும் ஒளியை விழுங்கிவிடும். வெள்ளையர் தலைக்குப் பொருந்தச் செய்த குல்லாய் நம்மவர் தலையில் தடுமாறுவதுண்டு. முடியை வகிடு பிரித்து ஒதுக்கி வைத்தே அளக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் மெல்லிய முடியாயின் தொல்லை குறைவு.

இத்தகைய கருவி நம் தோட்டங்களுக்கு வருமாயின், பிள்ளையை ஏந்தி வரும் தாய் முதலில், “ஐயா, என் பிள்ளைக்குப் புத்தி எப்படி?” என்றுதான் கேட்பாள். அதற்கு இக்கருவி விடை கூறாது. பல பிள்ளைகளை ஒன்றாக அளந்து, கூட்டத்துக்கும் கூட்டத்துக்குமுள்ள வேறுபாட்டை மட்டுமே அது காட்டும். தனியொரு பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்த எவருக்கும் அது உரிமை தரவில்லை. குல்லாயை மாட்டுமுன் இதனை அத்தாய்க்கு அவள் பேசும் தமிழிலேயே சொல்லிவிட வேண்டும்.