பேரன் கேட்கும் கேமிங் கம்ப்யூட்டர்

கேம் விளையாடப் பேரன் கேட்கும் கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்வதா? பட்ஜெட் அளவானது என்றால் அசெம்பிள் செய்வதே மேல் என்பது என் கட்சி.

ரெடிமேடு விளம்பரத்தில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். விலையைக் குறைக்கக் கை வைப்பது பெரும்பாலும் நம் கண்ணுக்குப் படாத எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் மதர்போர்டிலும்தான். 8 ஜிபி ராம் இரண்டு போடுவதற்குப் பதில் 16 ஜிபி ஒன்றைப் போட்டுவிடுவார்கள். இரட்டையாகப் போட்டால் வரும் வேகம் வராது. சில கம்பெனிப் பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ். தனி அளவில் இருக்கும்; வெளியில் வாங்கி மாற்ற முடியாது.

அசெம்பிள் செய்ததைப் பின்னால் மேம்படுத்தலாம். 2017-இல் வந்த ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்து, 2022-இல் வந்த ரைசன் பிராசஸரைப் பொருத்த முடிந்தது.

ரெடிமேடுக்கு ஒரு சௌகரியம் உண்டு: பழுதானால் ஒரே இடத்தில் கேட்கலாம். அசெம்பிள் செய்ததில் எந்தப் பாகம் போனது என்று கண்டுபிடித்து, அந்தந்தக் கம்பெனியிடம் அலைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண்ணோடு பில் வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கஞ்சத்தனம் கூடாது. மட்டமானது கெட்டால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடலாம்.

பேரன் முதலில் பாகங்களைப் பட்டியல் போட்டு, எதிரில் விலையை எழுதி, ஒவ்வொன்றும் எதற்கு என்று உங்களுக்குப் புரியவைக்கட்டும். பென்ஷன் பணத்தை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.