முதலில் மீனவரைக் கேளுங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மெரினாவிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரைகள் குழந்தைகளின் கூச்சலால் நிறைகின்றன. நிறையட்டும்! மணல்வீடு கட்டுவதும் நண்டு வளை தேடுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டிய சந்தோஷம். ஆனால், எங்கே குளிப்பது என்பதைப் பெரியவர்கள் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சுமார் 20 கி.மீ. தள்ளி, தனுஷ்கோடியின் மன்னார் வளைகுடாப் பக்கத்திலோ அலை மூர்க்கமானது. மெரினாவிலும் இழுப்பு அதிகம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர் குறுகிய தடத்தில் வேகமாகக் கடலுக்குத் திரும்புவதே இந்த இழுப்பு. அந்தத் தடத்தில் அலை அதிகம் உடையாது. அதனாலேயே அது பாதுகாப்பான இடம்போலத் தோன்றி ஏமாற்றும். அந்தந்தக் கரையின் குணம் அங்குள்ள மீனவர்களுக்குத் தெரியும். பிள்ளையை இறக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறங்கினால், கணுக்கால் அளவு நீர் போதும். அப்பாவோ அம்மாவோ, ஒருவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் குழந்தையோடு நில்லுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்று விட்டுவிடாதீர்கள். பொறுப்பை ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள்.