வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீணா?



இத்தாலியின் சார்டினியா தீவுக்கு மலைநடை போகத் திட்டமிடும் என் பழைய மாணவர் ஒருவர், "போனில் மேப் இருக்கிறதே சார், வழிகாட்டிக்கு எதற்குப் பணம்?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனாலும் என் கருத்து வேறு.

அவர் போகவிருக்கும் 'செல்வாஜ்ஜோ ப்ளூ', தீவின் கிழக்குக் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகள் வழியே பல நாள் நடக்கும் பாதை. வழியில் குடிநீர் கிடைக்காது. தண்ணீரையும் சாப்பாட்டையும் படகில் கரைக்கு வரவழைப்பார்கள். சில இடங்களில் கயிறு கட்டித்தான் இறங்க முடியும். மேப் வழியைக் காட்டும். கயிற்றைப் பிடிக்க வராது.

1987-இல் இருவர் சேர்ந்து இதை ஒரே பாதையாக்கினார்கள். ஆனால் தடங்கள் அதற்கும் முந்தியவை. ஆடு மேய்த்தவர்களும் கரிமூட்டம் போட்டவர்களும் நடந்து உண்டாக்கியவை. பாறையில் ஏற அவர்கள் சாய்த்து வைத்த ஜூனிபர் மரத்தண்டுகளில்தான் இன்றும் கால் வைக்கிறார்கள். அந்த ஊர் அறிவுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

கையில் பணம் போதவில்லையா? ஒரு வருஷம் சேர்த்துவிட்டுப் போங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். நீங்கள் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.