கண்ணீர் சாட்சி சொல்லாது!



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணி. இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தாராவியிலிருந்து புறப்பட்ட நம் தோழர் ஒருவரை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. வயது 34. நெல்லைச் சீமைக்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரில் வயதான தாயார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயரை இங்கே எழுதவில்லை.

நம் சங்கம் அன்று என்ன செய்தது? வசூல் செய்து ஆம்புலன்ஸ் பிடித்துச் சடலத்தை ஊருக்கு அனுப்பியது. மாலை வாங்கியது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியது. அதோடு கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போனோம். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏனென்றால் அன்று காலை அந்தச் சாலையில் ஒரு பால்காரர் நின்றிருந்தார். வெள்ளைக் கார் என்றார். எண் பலகையின் கடைசி நான்கு இலக்கங்களையும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் இருபது பேர். இருபது பேர் சட்டைப்பையிலும் கைபேசி இருந்தது. ஒருவர்கூட அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை! சைக்கிளைத் தூக்கி ஓரமாகச் சாத்தினார்கள். உடைந்த முகப்பு விளக்கின் கண்ணாடித் துண்டுகள் ஏழு மணிக்குக் குப்பையோடு பெருக்கப்பட்டன. எதிரே இருந்த கடைவாசலில் கேமரா இருந்தது. காவல் நிலையத்தில் மராட்டியில் எழுதிய தாளில், படிக்கத் தெரியாத மைத்துனர் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் இருந்தது "அடையாளம் தெரியாத வாகனம்" என்ற சொல்.

ஊரில் பதினாறாம் நாள் காரியம் முடித்துக் குடும்பம் திரும்பியது 23ஆம் நாள். அதற்குள் கேமராவின் பழைய பதிவு அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிட்டது. பால்காரர் உத்தரப் பிரதேசத்துக்குப் போய்விட்டார். அவர் முகவரி யாருக்கும் தெரியாது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம்.

வாகனம் தெரியாவிட்டால், அரசின் திட்டப்படி சாவுக்குக் கிடைப்பது 2 லட்சம் ரூபாய். 2022 ஏப்ரல் முதல் இதுதான் தொகை. அதற்கு முன் வெறும் 25,000. வாகனம் தெரிந்து, ஓட்டியவர் தவறும் நிலைநாட்டப்பட்டால்? அவர் மாதம் 15,000 சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரருக்கு, வருங்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டவேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆக 21,000. நம்பியிருந்தவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 34 வயதுக்கு 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த பெருக்கெண் 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய்! ஈமச்சடங்கு முதலிய வகைகளுக்கான தொகை இதற்கு மேல்.

முப்பது லட்சம் எங்கே, இரண்டு லட்சம் எங்கே! நான்கு இலக்கத்தை எழுதி வைக்காததற்கு ஒரு விதவையும் இரண்டு பிள்ளைகளும் கொடுத்த விலை இது. ஏழைக்கு நீதி நீதிமன்றத்தில் மட்டும் தோற்பதில்லை, தோழர்களே. பெரும்பாலும் முதல் ஏழு நாளில், சாலையிலேயே தோற்றுப் போகிறது.

"சாட்சியம் திரட்டுவது போலீசின் வேலை, நம் வேலையா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தரவேண்டும். இது சலுகை அல்ல, சட்டம். ஆனால் கேட்க ஆள் இல்லாத இடத்தில் சட்டம் அலமாரியில் தூங்கும். இன்சூரன்ஸ் கம்பெனி போலீசை நம்பிச் சும்மா இருக்கிறதா? தனக்கென்று புலனாய்வு ஆட்களை அனுப்புகிறது. கோடிகளை வைத்திருப்பவனே ஆள் அனுப்பும்போது, ஒன்றுமில்லாத நாம் கைகட்டி நிற்பதா?

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சரக்கு வேகன் தடம் புரண்டால்கூட மேற்பார்வையாளர்கள் வந்து நேரம் குறித்து, அளவெடுத்து, கூட்டுக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். இரும்புப் பெட்டிக்கு உள்ள மரியாதை, உழைத்துச் சிவந்த மனித உடலுக்கு வேண்டாமா?

ஆகவே, விபத்து நடந்தால் செய்யவேண்டியதைக் கேளுங்கள்.

முதலில் உயிர். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், உதவி செய்தவருக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்திருக்கிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கூட்டத்தில் மற்றவர்கள் அந்த நேரத்திலேயே வேலையைத் தொடங்கவேண்டும். வண்டி எண் பாதி தெரிந்தாலும் எழுதுங்கள். நிறம், வகை, போன திசை எழுதுங்கள். சைக்கிளை நகர்த்துமுன் நாலு பக்கமும் படம் எடுங்கள். டயர் தடம், கண்ணாடித் துண்டு, பெயிண்ட் சிராய்ப்பு எதையும் விடாதீர்கள். கண்ணாடித் துண்டை நீங்களே பொறுக்கி வைக்காமல், பஞ்சநாமா எழுத வரும் போலீசிடம் காட்டி அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கண்ணால் பார்த்தவர் சாட்சி சொல்லச் சம்மதித்தால் பெயர், தொலைபேசி எண், தங்கும் இடம், சொந்த ஊர் நான்கையும் வாங்குங்கள். நம்மைப் போலவே அவரும் பிழைக்க வந்தவர், நாளைக்கு எங்கிருப்பாரோ!

அன்றைக்கே கடை, பெட்ரோல் பங்க், குடியிருப்புச் சங்கம் எங்கெல்லாம் கேமரா உண்டோ அங்கெல்லாம் போய், பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். காவல் நிலையத்துக்கும் அதே கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் "விழுந்து அடிபட்டார்" என்று பதிவானால் வழக்கு பாதி போயிற்று. "வாகனம் மோதியது" என்று தெளிவாகச் சொல்லி எழுத வையுங்கள். முதல் தகவல் அறிக்கையை மராட்டி படிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதன் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி, எல்லை எங்கள் எல்லை அல்ல என்று சொல்லி எந்தக் காவல் நிலையமும் புகாரை மறுக்க முடியாது.

"இட்லி விற்றவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? லைசென்ஸ்கூட இல்லையே!" என்று வாய்மூடி இருப்பவர்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாததால் உயிரின் விலை குறைந்துவிடுமா? அமைப்புசாராத் தொழிலாளியிடம் வருமானத்துக்குக் காகிதம் எதிர்பார்க்க முடியாது என்று 2011இல், ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில், உச்ச நீதிமன்றமே கூறியது. அதற்காகச் சும்மா போகாதீர்கள். அரிசி, உளுந்து வாங்கிய கடைக் கணக்கு, கைபேசியில் வந்த பணம், ஊருக்கு அனுப்பிய பண ரசீது எல்லாம் பேசும். வயதுக்கு ஆதார் அட்டை போதாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஊரில் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பள்ளிச் சான்றிதழை எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. இது குற்ற வழக்கு அல்ல. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்று தீர்ப்பாயம் நம்புமளவு காட்டினால் போதும். வழக்கை மும்பையில்தான் போடவேண்டும் என்பதும் இல்லை. குடும்பம் ஊரோடு போய்விட்டால், வாழும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் போடவேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கெடு வைத்தது. அந்தக் கெடுவைக் காட்டி மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இடைக்கால உத்தரவுதான். அதை நம்பித் தூங்காதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் தரகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். "செலவு வேண்டாம், வருவதில் பாதி கொடு" என்கிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கே விரோதம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவன் தமிழில் பேசினாலும் நம்மவன் அல்லன்!

காருக்குரியவன் ஐம்பதாயிரத்தை நீட்டி "சமாதானமாகப் போவோம்" என்பான். "போன உயிர் திரும்புமா, விதி" என்று நம்மிலேயே ஒரு பெரியவர் தலையாட்டுவார். விதியா காரை ஓட்டியது? அந்தத் தாளில் கையெழுத்திடுமுன், மேலே போட்ட கணக்கை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

தோழர்களே! சங்கத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு சாலிலும் மூவர் குழு வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும்; ஒருவர் மராட்டி எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. சாவு வீட்டுக்கு மாலை வாங்கும் பணத்தில் பாதியை நகல் எடுக்கவும், கடிதம் அனுப்பவும், சாட்சியைத் தேடிப் போகவும் ஒதுக்குங்கள். இறந்தவரைக் கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் போகட்டும். அந்த மூவர் இங்கேயே நின்று வேலை செய்யட்டும்.

அந்த இட்லிக்காரத் தோழரின் மனைவி இப்போது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். மூத்த பிள்ளை ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். பால்காரரைத் தேடி நம் ஆட்கள் இன்னமும் அலைகிறார்கள். கிடைத்தால் வழக்கு உண்டு. கிடைக்காவிட்டால் இரண்டு லட்சத்தோடு சரி. இந்தப் பழியில் நமக்கும் பங்கு உண்டு. அடுத்த வீட்டுக்கு இந்தக் கதி வரவிடாமல் தடுப்பதுதான் அதற்கு நாம் செய்யும் பரிகாரம்.

அழுவதற்கு ஆயுள் முழுதும் இருக்கிறது. எழுதி வைக்க ஏழு நாள்தான் இருக்கிறது. எழுதுங்கள்!