ஆடுவது யாருக்காக?

சென்ற கோடையில் ஒரு பத்து வயதுப் பெண்ணின் கேள்வியில் நான் வசமாக அகப்பட்டுக்கொண்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு இந்த வாரத்து விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் என் சிநேகிதியின் மகள். மூன்று வருஷமாகப் பரதநாட்டியம் கற்கிறாள். அவளையும் அழைத்துக்கொண்டு, திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை மேல் இருக்கும் புதூர்நாட்டுக்குப் போயிருந்தோம். வளைந்து வளைந்து ஏறும் பாதை. மேலே சாமை விளையும் நிலங்கள், சிறுசிறு ஊர்கள். அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

நாங்கள் போன அன்று ஓர் ஊரில் திருவிழா. கொட்டு முழங்க, ஆண்கள் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் பெண்கள் கும்மியடித்தார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த நம் குட்டிப் பெண் என் கையைச் சுரண்டினாள்.

"அத்தை, இதுவும் டான்ஸ்தானா? இவங்களுக்கு டீச்சர் யாரு? எல்லாருக்கும் அரங்கேற்றம் ஆயிடுச்சா?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் சற்றுத் தாழ்ந்தது. காரணம் எனக்குத் தெரியும். அவள் அரங்கேற்றத்துக்காக அம்மா சீட்டுக் கட்டி வருகிறாள். வீட்டில் எந்நேரமும் அதே பேச்சு. குழந்தைக்கு ஆட்டத்தைக் காட்டிலும் அந்தத் தேதிமேல்தான் நினைவு, அதுவும் பயத்தோடு.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சபாவில் ஆடினால் கலை, மண்தரையில் ஆடினால் வேடிக்கை என்று நமக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா?

இளங்கோவடிகளிடம் அந்தக் கணக்கு இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் சபையில் ஆடுகிறாள். அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு சொல்கிறார் கவி. அவளுக்கு 1008 கழஞ்சுப் பொன்னும் தலைக்கோல் பட்டமும் கிடைக்கின்றன. அதே காப்பியத்தில் குன்றக்குரவை என்று ஒரு பகுதி வருகிறது. சேர நாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகி விண்ணேறியதைக் கண்ட குறவர் குலத்தார், அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடுகிறார்கள். அங்கே அரங்கும் இல்லை, பரிசும் இல்லை. ஆனாலும் மாதவியின் அரங்கேற்றத்துக்கு ஒரு காதை ஒதுக்கிய கவி, மலைமக்களின் ஆட்டத்துக்கும் ஒன்று ஒதுக்கினார். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எழுப்பியதே, அந்த மலைமக்கள் வந்து செய்தி சொன்ன பிறகுதான்.

ஆகவே ஓர் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள, 'இது உயர்ந்ததா, தாழ்ந்ததா?' என்று கேட்பதால் பயனில்லை. உடம்பின் எந்தப் பகுதி முக்கியமாகப் பேசுகிறது, யாருக்காக ஆடுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

பரதநாட்டியத்தில் அரைமண்டியில் அமர்ந்து பாதம் தாளம் சொல்ல, கை முத்திரை காட்டும். அலாரிப்பு வெறும் தாளமும் அசைவும்தான். அதில் கதை தேடாதீர்கள். அதற்கு நிருத்தம் என்று பெயர். பதம் முழுவதும் அபிநயம். வர்ணத்தில் இரண்டும் உண்டு. இந்த வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சைச் சகோதரர் நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு.

வடக்கே கதக்கில் நிமிர்ந்து நின்று ஆடுவார்கள். பாதமும் சுழற்சியும்தான் அதன் உயிர். கதகளியில் முகமும் கண்ணுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மோகினியாட்டம் தென்னங்கீற்றுப் போல அசையும். ஆந்திரத்தில் ஒரு கிராமத்தின் பெயரே குச்சிப்புடி ஆட்டத்துக்கும் பெயர். பித்தளைத் தட்டின் விளிம்பில் நின்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒடிசியில் உடல் மூன்றாக வளைந்து கோயில் சிற்பமாகிவிடும். மணிப்புரி ராஸத்தில் பெண்கள் சலங்கைகூடக் கட்டுவதில்லை. பாதம் பூமிக்கு நோகாமல் படும். அஸ்ஸாமின் வைஷ்ணவ மடங்களில் வளர்ந்த சத்திரியாவை 2000-ஆம் ஆண்டில்தான் சங்கீத நாடக அகாடமி இந்தச் செவ்வியல் வரிசையில் சேர்த்தது. அதாவது அந்த வரிசை ஆண்டவன் எழுதியதல்ல, மனிதர்கள் எழுதியது.

நம் பரதநாட்டியத்தின் கதையும் அப்படித்தான். அதற்குச் சதிர் என்று பெயர் இருந்த காலத்தில், கௌரவமான குடும்பங்கள் அதைப் பார்க்கவே கூசின. வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் அதற்காக வாதாடினார். தாமே பெண் வேஷம் தரித்து ஆடியும் காட்டினார். சென்னை மியூசிக் அகாடமி 1931-ல் கல்யாணியின் புதல்விகளை மேடையேற்றியது. ருக்மிணி தேவி 1935-ல் அடையாறில் ஆடினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரம் பிறந்தது. பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ல் சட்டம் தடுத்தது. அது வேண்டிய சட்டம்தான். ஆனால், தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தைக் காப்பாற்றிய குடும்பங்களில் பல மேடையை விட்டே மறைந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்த மரபில் வந்து, 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய பாலசரஸ்வதிதான் பின்னர் உலகமே வியந்த அபிநயக்காரி. ஆட்டம் அதேதான், பார்த்தவர் கண்தான் மாறியது.

புதூர்நாட்டுக்குத் திரும்புவோம். மலையாளி மக்களின் ஆட்டங்களில் சேர்வையாட்டம் என்று ஒன்று உண்டு. கும்மியோ தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து. இவற்றில் கால் பேசும், கை பேசும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டம் பேசும். பக்கத்தில் ஆடுபவருக்காகவும் ஊர்ச் சாமிக்காகவும் ஆடுகிற ஆட்டம் இது. பார்ப்பவர் இல்லையென்றாலும் நின்றுவிடாது.

குழந்தையின் கேள்வி காதில் விழுந்ததோ என்னவோ, கும்மியிலிருந்து ஒரு பாட்டி விலகி வந்தாள். "பாத்துக்கிட்டே நின்னா எப்படி, கண்ணு? கையக் குடு, வா" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வருஷம் தாளம் கற்ற பெண் முதல் சுற்றில் தடுமாறினாள். தனியாக ஆடிப் பழகிய காலுக்கு, அடுத்தவள் அடியோடு சேர்ந்து விழத் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் குனிந்து எழுந்து கொட்டினாள். மூன்றாம் சுற்றில் சிரித்தாள். நாட்டிய உடையில் எடுத்த அவள் புகைப்படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட அந்தச் சிரிப்பு இல்லை.

இதை என் சிநேகிதியிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. போன மாதம்தான் சொன்னாள்: அரங்கேற்றத்தை இரண்டு வருஷம் தள்ளி வைத்திருக்கிறாளாம். சீட்டுப் பணம் எங்கே போய்விடப் போகிறது? வகுப்பு மட்டும் தவறாமல் நடக்கிறது.

உங்கள் வீட்டிலும் சலங்கை கட்டும் பெண் இருந்தால், இன்று மாலை அவளை ஒன்று கேளுங்கள். அரங்கேற்றம் எப்போது என்று கேட்க வேண்டாம். "எனக்கும் ஓர் அடவு சொல்லிக் கொடேன்" என்று கேளுங்கள். முழங்கால் வலித்தால் என்ன, வீட்டில் தைலம் இல்லாமலா போய்விட்டது?