குடியிருந்தோமா, குடியிருந்து வருகிறோமா?

மும்பையில் வாழும் நம் மக்கள் அரசு அலுவலகங்களுக்கு எழுதும் ஆங்கில மனுக்களில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. 'ஐ லிவ்ட் ஹியர் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' என்று எழுதுகிறோம். முப்பது ஆண்டாக இங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டதாக நமக்கு நினைப்பு. படிக்கும் அதிகாரிக்கோ, இவர் முப்பது ஆண்டு இருந்தார், பிறகு போய்விட்டார் என்றே பொருள்படும். மாற்று வீடு கேட்பவன் தன் கையாலேயே தன்னைக் காலி செய்து கொள்கிறான்!

மகாராஷ்டிரக் குடிசைச் சட்டம் தேதி பார்த்தே பாதுகாப்புத் தருகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த குடிசைக்கு இலவச மாற்று வீடு. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்ததற்கு விலை கொடுத்தால்தான் வீடு. ஆவணங்களே சாட்சி என்பது உண்மை. ஆனால் ஆவணம் சொல்வதை மனு மறுக்கலாமா?

சரியான வாக்கியம், 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 1994'. தொடங்கிய ஆண்டைச் சொன்னால் 'சின்ஸ்', கால அளவைச் சொன்னால் 'ஃபார்'. பிரசன்ட் பர்ஃபெக்ட் கன்டினியூயஸ் என்று இதற்குப் பெயர் வைத்து நம் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். நம் தாய்மார்கள் நாள்தோறும் பேசும் 'வசித்து வருகிறோம்' என்பதுதான் அது. 'மனுக் கொடுத்திருக்கிறோம்' என்றால் அது பிரசன்ட் பர்ஃபெக்ட். தமிழில் இருக்கும் வேறுபாட்டைத் தமிழைக் கொண்டு விளக்காமல், சூத்திரமாக உருப்போட வைப்பதே கோளாறு.

இரண்டும் நமக்குத் தேவை. 'மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறோம்' என்றால் எண்ணிக்கை தெரியும். அங்கே 'ஹேவ் கிவன்'. 'இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்' என்றால் விவகாரம் முடியவில்லை என்பது தெரியும். அங்கே 'ஹேவ் பீன் ஆஸ்கிங்'. ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'நேற்றுக் கொடுத்திருக்கிறேன்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'நேற்று' வந்துவிட்டால் 'ஹேவ்' கூடாது, 'கேவ்' என்றே எழுத வேண்டும்.

தமிழருக்கு ஆங்கில இலக்கணம் எதற்கு என்று கேட்கும் தோழர்களும் உண்டு. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைகளை எழுதிக் கொடுக்க அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமை ஏட்டளவில் நிற்கக் கூடாது என்று நாம் தொடர்ந்து குரல் கொடுப்போம். ஆனால் மனு இன்று போக வேண்டியிருக்கிறது. வீடு இடிபட்ட பிறகு வெல்லும் மொழியுரிமை, இடிந்த வீட்டைக் கட்டித் தராது.

ஆகவே மாலை வகுப்பு நடத்தும் கிளைகளுக்கு நம் வேண்டுகோள் இதுதான். 'ராமு பந்து விளையாடிக் கொண்டிருக்கிறான்' என்ற பயிற்சியை மூட்டை கட்டுங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதட்டும்: எந்த ஆண்டு முதல் இங்கே வசித்து வருகிறோம், அப்பா எத்தனை ஆண்டாக வேலை செய்து வருகிறார், எத்தனை முறை மின்கட்டணம் கட்டியிருக்கிறோம், என்னென்ன கேட்டு வருகிறோம், என்ன பதில் வந்திருக்கிறது. முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். பையனுக்கு இலக்கணம் படியும். வீட்டாருக்கு மனுவும் தயாராகும்.

நாம் இங்கே வாழ்ந்தவர்கள் அல்லர், வாழ்ந்து வருகிறவர்கள். அதை எந்த மொழியில் எழுதினாலும் பிழையில்லாமல் எழுதுவோம்.