திரும்பி வந்த பெண்

அமெரிக்காவில் ஆசிரியப் பயிற்சி பெறும் பெண்கள் சிலர், நியூஜிலாந்துப் பள்ளிகளில் சில வாரம் பாடம் நடத்தப் போகிறார்கள். வெறுங்காலோடு வகுப்புக்கு வரும் குழந்தைகளைக் கண்டு முதலில் திகைக்கிறார்கள். அதெல்லாம் பழகிப்போகும் சமயத்தில் ஊர் திரும்பும் நாள் வந்துவிடுகிறது!

சங்கடம் அப்புறந்தான். அயல்நாட்டில் பட்ட தவிப்பு, வீடு திரும்பியதும் மறுபடி தலைகாட்டும் என்று 1963-இல் எழுதினார்கள், கல்லாஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதிகள். இந்த ஏற்ற இறக்கத்துக்கு 'டபிள்யூ வளைவு' என்று பெயர்.

பெண் மாறியிருக்கிறாள்; வீடு மாறவில்லை. "எப்படி இருந்தது?" என்று கேட்ட அம்மா, பதில் முடியுமுன் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள்.

புக்ககத்திலிருந்து முதல் தடவை பிறந்தகம் வரும் பெண் படும் பாடு நமக்குத் தெரியாததா? ஆகவே சகோதரிகளே, பெட்டியை அப்புறம் திறக்கலாம். முதலில் அருகில் உட்கார்ந்து அவள் கதையைக் கேளுங்கள்.